படிக்க ஒன்று, திருத்த ஒன்று



நான் விடுதிக் கதைகளை அவிழ்த்து விடுவேனோ என்று முன்வரிசையில் சிலர் பயந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பயப்பட வேண்டாம், இன்று தொழில் விஷயம் மட்டும்தான்.

2013. வேலையில் சேர்ந்து இரண்டாவது வருஷம், மாதக் கடைசி. பல தொழிற்சாலைகளின் சம்பளக் கணக்கு ஒரே எக்ஸ்எம்எல் கோப்பாக வந்தது. 250 எம்.பி. அதைப் படித்துச் சம்பளச் சீட்டு அடிக்க வேண்டும். எனக்குத் தெரிந்தது டாட்நெட்டின் எக்ஸ்எம்எல் டாக்குமென்ட் ஒன்றுதான். மொத்தத்தையும் அதில் ஏற்றினேன். 32 பிட் மெஷின். மெமரி போதாமல் புரோகிராம் படுத்துவிட்டது. விடிந்தால் சம்பள நாள்!

சீனியர் வந்து பார்த்தார். "படிக்கத்தானே போறே? இல்லே, திருத்தப் போறியா?" என்றார்.

அந்தக் கேள்வி அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. எக்ஸ்எம்எல் டாக்குமென்ட், 1998-ல் வந்த டாம் முறையில் அமைந்தது. ஒவ்வொரு முனையும் தனித்தனி ஆப்ஜெக்ட். எங்கே வேண்டுமானாலும் செருகலாம், நீக்கலாம். அந்த வசதிக்கு வாடகை மெமரி. கோப்பின் அளவைப்போல் பல மடங்கு. எக்ஸ்பாத் டாக்குமென்ட் நம் துறை வராந்தாவில் கண்ணாடிக்குள் பூட்டிய நோட்டீஸ் போர்டு மாதிரி. படிக்கலாம், கைவைக்க முடியாது. மாறாது என்பதால் நெருக்கி அடுக்கிக்கொள்கிறது. தேடலும் வேகம். மாற்றினேன். இரவு இரண்டு மணிக்குச் சீட்டுகள் வந்தன.

அடுத்த மாதம் வேறு தலைவலி. "சில பேருக்கு ஓவர்டைம் தப்பு. நீங்களே திருத்திடுங்க" என்றார்கள். நம்மிடம் இருப்பதோ பூட்டிய போர்டு! நேவிகேட்டரிடம் 'கேன்எடிட்' என்று கேட்டால் 'இல்லை' என்கிறது. மறுபடி முழுசாக ஏற்றினால் பழைய கதைதான். எக்ஸ்எம்எல் ரீடரால் கோப்பை வரிசையாகப் படித்துக்கொண்டே போய், திருத்த வேண்டிய தொழிலாளியின் கிளையை மட்டும் எக்ஸ்எம்எல் டாக்குமென்டில் ஏற்றி, திருத்தி, புதுக் கோப்பில் எழுதினோம். தேடும் பகுதியை நேவிகேட்டரை வைத்தே எழுதியிருந்தேன். இரண்டு மாடலும் அதைத் தருவதால் அதில் ஒரு வரிகூட மாறவில்லை. இது என் கெட்டிக்காரத்தனம் இல்லை, சீனியரின் பிடிவாதம்.

2007-ல் வந்த எக்ஸ்டாக்குமென்ட் இருக்கிறதே என்பீர்கள். எழுத, திருத்த அது சுகம்தான்; புது வேலைக்கு நானும் அதைத்தான் எடுப்பேன். ஆனால் அதுவும் முழுக் கோப்பையும் மெமரியில் ஏற்றும். அது தரும் நேவிகேட்டரும் 'கேன்எடிட்' கேட்டால் 'இல்லை' என்றே சொல்லும். தெரியாமல் நான் அரைநாள் தொலைத்திருக்கிறேன்.

அந்த மாதச் சம்பளம் நாள் தவறாமல் போய்ச் சேர்ந்தது.