இரைச்சல் என்று கழிக்கப்பட்ட துடிப்பு



அழைப்பிதழில் என் உரையின் தலைப்பு ‘துடிப்புச் சமிக்ஞைகள்: அளவீடும் மாதிரியும்’ என்று அச்சாகியிருக்கிறது. இந்தத் தலைப்பில் ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்தலாம். ரேடார், அல்ட்ராசவுண்ட், எம்.ஆர்.ஐ., நரம்பின் மின்துடிப்பு என்று போய்க்கொண்டே இருக்கும். ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் தொட்டும் தொடாமலும் போவதில் எனக்கு விருப்பமில்லை. ஆகவே ஒரே ஒரு கருவி. கொரோனா பரவிய 2020, 2021 ஆண்டுகளில் பலர் வீட்டு மேசையில் கிடந்த, விரல் நுனியைக் கவ்வும் சின்னப் பெட்டி: பல்ஸ் ஆக்சிமீட்டர். அது காட்டும் ஆக்சிஜன் சதவீதம் 94-க்குக் கீழே இறங்கினால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பது அன்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த 94 எப்படிப் பிறக்கிறது, யாருடைய விரல்களை வைத்துப் பிறக்கிறது என்பதுதான் இன்று நான் பேச வந்தது.

இரத்தத்தின் நிறத்தை வைத்து ஆக்சிஜனை அளக்கலாம் என்பது பழைய யோசனை. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் பளிச்சென்ற சிவப்பு. ஆக்சிஜனை இறக்கிவிட்டது கருஞ்சிவப்பு. 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியை, ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின் மற்றதைவிடச் சுமார் பத்து மடங்கு அதிகமாக விழுங்குகிறது. 940 நானோமீட்டர் அகச்சிவப்பில் நிலைமை தலைகீழ். ஆக, இரண்டு ஒளியைச் செலுத்தி இரண்டு விடை வாங்கினால் போதும். ஜெர்மனியில் கார்ல் மத்தேஸ் 1935 வாக்கிலேயே காது மடலில் இதைச் செய்து பார்த்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவின் க்ளென் மில்லிகன் உயரத்தில் பறக்கும் விமானிகளுக்காக ஒரு காதுக் கருவி செய்தார்.

சிக்கல், காது மடலில் தமனி இரத்தம் மட்டுமா இருக்கிறது என்பதுதான். தோல், கொழுப்பு, குருத்தெலும்பு, சிரை இரத்தம் எல்லாம் ஒளியை விழுங்குகின்றன. நெய் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் காலிப் பாத்திரத்தை நிறுத்துக்கொள்கிறார் அல்லவா, அதைத்தான் மேயோ கிளினிக்கின் ஏர்ல் வுட் 1940-களின் இறுதியில் செய்தார். காது மடலை ரப்பர் பையால் அழுத்தி இரத்தத்தை வெளியேற்றிவிட்டு ஒருமுறை அளப்பது, அழுத்தத்தைத் தளர்த்தி மறுபடி அளப்பது, இரண்டையும் ஒப்பிடுவது. 1970-களில் ஹியூலட் பேக்கர்ட் நிறுவனம் எட்டு அலைநீளங்களை வைத்து அழுத்தாமலே அளந்து காட்டியது. ஆனால் காதைச் சூடாக்க வேண்டும், மாட்டும் பகுதி கனம், விலையும் கனம். சோதனைக்கூடத்துக்குச் சரி, அறுவை அரங்குக்கு ஆகாது.

இப்போது ஜப்பானுக்குப் போவோம். தகுவோ அவோயாகி, 1936-இல் நீகாத்தா மாகாணத்தில் பிறந்த மின்பொறியாளர். 1971-இல் நிஹோன் கோடன் என்ற மருத்துவக் கருவி நிறுவனத்தில் சேர்ந்தார். அவருக்கு அங்கே கிடைத்த வேலைக்கும் ஆக்சிஜனுக்கும் சம்பந்தமே இல்லை. இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு இரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்று ஊசி குத்தி இரத்தம் எடுக்காமல் அளக்க முயன்றார். சிரையில் ஒரு பச்சைச் சாயத்தைச் செலுத்துவார்கள். அது இதயம் வழியாக வந்து காதில் தோன்றும். அடர்த்தி ஏறும், பிறகு மெதுவாக இறங்கும். அந்த வளைகோட்டுக்குக் கீழே உள்ள பரப்பை வைத்துக் கணக்குப் போடலாம். கோட்டின் வால் முடியும் முன்பே இரத்தம் ஒரு சுற்று முடித்துச் சாயம் திரும்ப வந்துவிடும் என்பதால், வாலைக் கணித முறையில் நீட்டிப் போட வேண்டும். நீட்டுவதற்குக் கோடு வழவழப்பாக இருக்க வேண்டும். இருக்கவில்லை. ஒவ்வொரு இதயத்துடிப்புக்கும் காதில் இரத்தம் பொங்கி வடிந்தது. கோடு ரம்பப் பல்லாக ஆனது.

பொறியாளர் என்ன செய்வார்? வடிகட்டிப் பார்ப்பார். அவோயாகி அதைவிட நுட்பமாக யோசித்தார். சாயம் படாத 900 நானோமீட்டரில் இன்னொரு ஒளியைச் செலுத்தினால், அதில் தெரிவது துடிப்பு மட்டும். அதைக் கொண்டு முதல் ஒளியின் துடிப்பை ஈடுகட்டிவிடலாம். ஈடுகட்டினார்; பலித்தது. ஆனால் இரத்தத்தில் ஆக்சிஜன் குறையும்போது அந்த ஈடுகட்டல் குலைந்தது. துடிப்பு மறுபடி தலைகாட்டியது.

இந்த இடத்தில் பலர் எரிச்சலடைந்து, ஆக்சிஜன் மாறாதபடி நோயாளியைப் பார்த்துக்கொள்ளவும் என்று குறிப்பேட்டில் எழுதி வைத்திருப்பார்கள். அவோயாகி திருப்பிக் கேட்டார்: ஆக்சிஜன் மாறினால் ஈடுகட்டல் குலைகிறது என்றால், எவ்வளவு குலைகிறது என்பதிலிருந்து ஆக்சிஜனைக் கண்டுபிடிக்கலாமே? துடிப்பது தமனி இரத்தம். தோல் துடிப்பதில்லை, எலும்பு துடிப்பதில்லை. வுட் ரப்பர் பையால் செய்த பிரிவினையை இதயம் ஒவ்வொரு வினாடியும் இனாமாகச் செய்து தருகிறது. 1974 மார்ச்சில் நிறுவனத்தின் பேரில் காப்புரிமைக்கு விண்ணப்பம் போனது. ஒரு மாதத்துக்குள்ளாகவே மினோல்டா நிறுவனத்தின் அகியோ யமனிஷியும் தனியாக அதே யோசனைக்கு வந்து விண்ணப்பித்தார் என்பது ஒரு வேடிக்கை. நிஹோன் கோடன் வெளிநாடுகளில் காப்புரிமை கேட்கவில்லை. கருவியையும் பெரிதாக வளர்க்கவில்லை. 1980-களில் எல்.இ.டி. விளக்கும் மைக்ரோபிராசசரும் மலிவானபோது பயாக்ஸ், நெல்கோர் என்ற அமெரிக்க நிறுவனங்கள் அதை உலகின் அறுவை அரங்குகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன.

துடிப்பு தெரிகிறதா இல்லையா என்பதைக் கருவியின் அமைப்புதான் தீர்மானிக்கிறது என்பதற்கு வானவியலிலும் ஒரு சாட்சி உண்டு. 1967-இல் கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் 1.337 வினாடிக்கு ஒருமுறை துடிக்கும் பல்சாரைக் கண்டார். அக்காலத்து ரேடியோ தொலைநோக்கிகள் இரைச்சலைக் குறைக்க வேண்டிச் சில வினாடிகளுக்குச் சராசரி எடுப்பது வழக்கம். அப்படிச் செய்தால் பல்சார் மழுங்கி மறைந்துவிடும். அவருடைய தொலைநோக்கி வேகமான மினுமினுப்பைப் பார்க்கவென்றே கட்டப்பட்டது. ஆகவே சராசரி எடுக்கும் நேரம் குறைவு.

விரல் நுனிக்குத் திரும்புவோம். இங்கே துடிப்புகள் இரண்டு என்பதைக் கவனியுங்கள். ஒன்று இதயத்தினுடையது. இன்னொன்று கருவியே செய்வது. ஒளியை வாங்கும் போட்டோடையோடு ஒன்றே ஒன்று. அதற்கு நிறம் தெரியாது. அதனால் சிவப்பு, அகச்சிவப்பு, இரண்டும் அணைந்த இருட்டு என்று வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை மாற்றி மாற்றிக் கொளுத்துகிறார்கள். இருட்டு எதற்கு? அறையின் வெளிச்சத்தை அளந்து கழிக்க. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய சோக் வைத்த ட்யூப்லைட் வினாடிக்கு 100 முறை மினுங்கும். யாராவது கவனமில்லாமல் வினாடிக்கு 101 முறை மட்டும் மாதிரி எடுக்கும் கருவி செய்தால், அந்த மினுக்கம் வினாடிக்கு ஒரு துடிப்பாக மாறுவேடம் போட்டு வரும். கவ்விக்குள் ஒரு பென்சிலை வைத்தாலும் திரையில் நாடித்துடிப்பு 60 என்று காட்டும். மாணவர்களுக்கு மாதிரியெடுப்புத் தேற்றத்தைக் கரும்பலகையில் நிரூபித்துக் காட்டுவதைவிட இதைச் செய்து காட்டினால் மறக்க மாட்டார்கள்.

வாங்கிய ஒளியில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கும் அதற்கு மேலும் அசையாத பகுதி. அதன் மேல் ஒன்று அல்லது இரண்டு சதவீதம் மெல்லிய அலை. கை சில்லிட்டிருந்தால் அதுவும் இல்லை. இரண்டு நிறத்திலும் அலையும் பகுதியை அசையாத பகுதியால் வகுத்து, சிவப்பில் கிடைத்ததை அகச்சிவப்பில் கிடைத்ததால் மறுபடி வகுத்தால் ஒரு விகிதம் வரும். மொத்த ரகசியமும் அதுதான். இரண்டு ஒளியிலும் ஒரே அளவு அசைவு என்றால் விகிதம் 1; அதற்குரிய ஆக்சிஜன் அளவு சுமார் 85. கையை உதறும்போது சிரை இரத்தமும் சேர்ந்து தளும்பும். இரண்டு நிறத்திலும் ஒரே மாதிரி பெரிய அலை வரும். விகிதம் 1-ஐ நோக்கி ஓடும். அசையும் கையில் 85 என்று காட்டினால் பதறுமுன் கையைப் பிடித்து நிறுத்திப் பாருங்கள். இதே தர்க்கம் ஆபத்தான பக்கமும் போகும். கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபின் சிவப்பு ஒளிக்கு ஆக்சிஜன் ஏறியது போலவே தெரியும். புகையில் மாட்டி மீட்கப்பட்டவர் விரலில் கருவி 98 என்று காட்டிக்கொண்டிருக்கலாம். கருவியின் மாதிரியில் ஹீமோகுளோபின் இரண்டே வகை. மூன்றாவது வந்தால் அதற்குத் தெரியாது.

அந்த விகிதத்திலிருந்து சதவீதத்துக்கு எப்படிப் போகிறோம்? பாடப்புத்தகம் பீர்–லாம்பர்ட் விதியைச் சொல்லும். அந்த விதி தெளிந்த திரவத்துக்கானது. விரலுக்குள் ஒளி நேராகப் போவதில்லை, சிதறுகிறது, சிவப்பு ஒரு வழியும் அகச்சிவப்பு இன்னொரு வழியுமாக அலைந்து வெளியேறுகிறது. விதிப்படி வரைந்த வளைகோடு அளந்ததோடு ஒத்துப்போவதில்லை. ஆகவே உற்பத்தியாளர்கள் கோட்பாட்டை ஓரமாக வைத்துவிட்டு ஆட்களைத் தேடிப் போனார்கள். உடல்நலமுள்ள தன்னார்வலர்களை ஆக்சிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்க வைத்து, படிப்படியாகச் சுமார் 70 சதவீதம் வரை இறக்கி, ஒவ்வொரு படியிலும் தமனி இரத்தம் எடுத்து ஆய்வுக்கூடக் கருவியில் அளந்து, விகிதத்துக்கு எதிரே எழுதிக்கொள்கிறார்கள். உங்கள் விரலில் மாட்டிய கருவிக்குள் இருப்பது இந்த அட்டவணை. 70-க்குக் கீழே யாரையும் இறக்க முடியாது. அங்கே காட்டும் எண் கோட்டை நீட்டிப் போட்டது.

அந்த அட்டவணையில் இருப்பவர்கள் யார்? அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் குறைந்தது பத்துப் பேரைச் சோதிக்கச் சொன்னது. அவர்களில் குறைந்தது இரண்டு பேர், அல்லது மொத்தத்தில் 15 சதவீதம், கருநிறத் தோல் கொண்டவர்களாக இருந்தால் போதும். இந்த அரங்கில் அமர்ந்திருப்பவர்களை ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

இது தெரியாமல் நடந்ததாகவும் சொல்ல முடியாது. 1990-இலேயே ஜுப்ரான், டோபின் இருவரும் தீவிர சிகிச்சை நோயாளிகளிடம் அளந்து, வெள்ளையர்களுக்கு 92 என்ற இலக்கு போதுமானது, கறுப்பினத்தவருக்கு 95 வேண்டியிருக்கிறது என்று எழுதினார்கள். 2005-இல் பிக்லர் குழு, தோல் கறுப்பாக இருந்தால் ஆக்சிஜன் குறையக் குறையக் கருவி அதிகமாகக் காட்டுகிறது என்றது. 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஸ்யோடிங் குழு வெளியிட்ட கட்டுரைதான் செய்தித்தாள்வரை வந்தது. கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது உண்மையான தமனி அளவு 88-க்குக் கீழே இருந்த நிலை கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதம், வெள்ளையின நோயாளிகளிடம் 3.6 சதவீதம். கிருமிநாசினி வாசனையோடு நாம் 94-ஐ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த அதே மாதங்கள்.

தோல் நிறம் அசையாத பகுதியில்தானே சேரும், வகுக்கும்போது தொலைந்துவிடாதா என்று இங்கே ஒரு நல்ல மாணவர் கேட்க வேண்டும். மருதாணியும் நகப்பூச்சும் கூட அந்தக் கணக்குப்படி தொலைந்துவிட வேண்டியவைதான். மாதிரியில் தொலைகிறது. எல்.இ.டி. விளக்கின் ஒளியோ ஒரே அலைநீளம் அல்ல, இருபது நானோமீட்டர் அளவுக்குப் பரந்த கற்றை. தோலின் மெலனின் அந்தக் கற்றையின் குறுகிய அலைநீளப் பக்கத்தை அதிகமாக விழுங்குகிறது. உள்ளே போய்ச் சேர்வது அட்டவணை எதிர்பார்த்த சிவப்பு அல்ல, சற்றே நகர்ந்த சிவப்பு. கூடவே வாங்கும் ஒளி குறைவதால் இரைச்சல் ஓங்குகிறது. இவை முன்வைக்கப்படும் விளக்கங்களில் இரண்டு. 2025 ஜனவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வழிகாட்டுதலின் புதிய வரைவை வெளியிட்டது. பத்துப் பேர் என்பது குறைந்தது 150 பேர் என்று அதில் உயர்ந்திருக்கிறது. அதிகம் பேரைச் சோதிப்பது நல்லதுதான். ஆனால் அவோயாகி கேட்டது வேறு. 1980-களின் நடுவில் மறுபடி இந்த ஆராய்ச்சிக்குத் திரும்பிய அவர், 1993-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். தன்னார்வலர் அட்டவணையே தேவைப்படாத அளவுக்கு, சிதறலையும் சிரையையும் திசுவின் அசைவையும் கணக்கில் சேர்த்த கோட்பாட்டையும், இரண்டுக்கு மேற்பட்ட அலைநீளங்களையும் கடைசிவரை தேடிக்கொண்டிருந்தார். 2020 ஏப்ரல் 18 அன்று காலமானார். அந்த வேலை முடியவில்லை. எனக்கு அவர் பக்கம்தான் சாய்வு.

நம் பொறியியல் கல்லூரிகளில் ஆண்டுதோறும் இறுதியாண்டு புராஜெக்ட்டாக ஆக்சிமீட்டர் வருகிறது. மேக்ஸ் 30102 என்ற சென்சார், ஒரு ஆர்டுயினோ, ஒரு சின்னத் திரை. நிரலில் ஒரு வரி எப்போதும் நகலாக இருக்கும். சிலர் 110-இலிருந்து விகிதத்தின் 25 மடங்கைக் கழிப்பார்கள். சிலர் சென்சார் நிறுவனத்தின் மாதிரி நிரலில் உள்ள இருபடிச் சமன்பாட்டை எடுத்துக்கொள்வார்கள், வர்க்கத்துக்கு −45.060, விகிதத்துக்கு 30.354, மாறிலி 94.845. விகிதம் 0.8 என்றால் இரண்டும் 90 என்று ஒத்துப்போகும். விகிதம் 1 ஆனால் முதலாவது 85 காட்டும், இரண்டாவது 80 காட்டும். ஒரே விரல், ஒரே துடிப்பு. வாய்மொழித் தேர்வில் இந்த எண்கள் யாருடைய விரலிலிருந்து வந்தவை என்று கேட்டால் பெரும்பாலும் மௌனம்தான்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அறிக்கையில் சதவீதத்தை எடுத்துவிடுங்கள். விகிதத்தை அப்படியே கொடுங்கள், இரண்டு நிறத்தின் மூல அலைவடிவத்தையும் சேருங்கள், எந்த எல்.இ.டி., அதன் கற்றை அகலம் எவ்வளவு, விரலின் வெப்பநிலை என்ன, தோலின் நிறத்தை எந்த அளவுகோலில் குறித்தீர்கள் என்று எழுதுங்கள். சதவீதமாக மாற்ற வேண்டுமென்றால் தமனி இரத்த அளவு வேண்டும். அது மருத்துவக் கல்லூரியில் இருக்கிறது. நோயாளிக்கு எப்படியும் எடுக்கப்படும் மாதிரிதான், நீங்கள் புதிதாக யாரையும் குத்த வேண்டியதில்லை. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், மயக்கவியல் துறையில் ஆர்வமுள்ள ஒருவர் வேண்டும், இரண்டு துறைத் தலைவர்கள் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மூன்றாவது கொஞ்சம் கடினம் என்பது இங்குள்ள பேராசிரியர்களுக்குத் தெரியும். இன்று இரண்டு துறையாரும் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். கேள்வி நேரத்தை இதிலிருந்தே தொடங்கலாம்.