அடித்தவனிடமிருந்து தொடங்க வேண்டாம்

(நீலகிரி கிளென்மார்கனில், தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த இளைஞர்களின் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்தக் குளிரிலும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். மகிழ்ச்சி. பௌத்த மனப்பயிற்சி பற்றிப் பேசச் சொன்னீர்கள். உள்ளே வரும்போதே ஒரு தம்பி மடக்கிவிட்டார்: "அக்கா, நம்மள அடிச்சவன் மேலயும் அன்பு வைக்கணும்னு சொல்லப் போறீங்களா?" நியாயமான கேள்வி. பதிலைக் கடைசியில் சொல்கிறேன்.

படிக்கிற காலத்தில் உடன் படித்த தோழி ஒருத்தியின் வீட்டுக்குப் போயிருந்தேன். காபி கொடுத்தார்கள். குடித்து முடித்ததும் என் டம்ளரை மட்டும் கொல்லைப்புறத்தில் தனியாக வைத்தார்கள். யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. நடந்தது ஐந்து நிமிடம். ஆனால் அந்த டம்ளர் பத்து வருஷம் என் தலைக்குள் உருண்டுகொண்டிருந்தது. ஏன் போனேன், ஏன் சும்மா வந்தேன், என்னிடம் என்ன குறை என்று இரவெல்லாம் என்னையே குடைந்தேன்.

சம்யுத்த நிகாயத்தில் புத்தர் இரண்டு அம்புகளைப் பற்றிச் சொல்கிறார். முதல் அம்பு உடலில் தைக்கும் வலி. இரண்டாவது, அந்த வலியை நினைத்து நினைத்து மனம் படும் வலி. சாதியின் கெட்டிக்காரத்தனம் இங்கேதான் இருக்கிறது. முதல் அம்பை அவர்கள் எய்கிறார்கள். இரண்டாவதை நம் கையாலேயே எய்துகொள்ள நம்மைப் பழக்கிவிடுகிறார்கள்.

முதல் அம்பைத் தடுக்க 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வேண்டும், சங்கம் வேண்டும், போராட்டம் வேண்டும். தியானம் அதைத் தடுக்காது. தியானம் செய்தால் சாதி போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மனப்பயிற்சி இரண்டாவது அம்புக்கானது.

அதே நிகாயத்தில் இன்னொரு கதை. ஒரு பார்ப்பனர் வந்து புத்தரைக் கண்டபடி திட்டுகிறார். புத்தர் கேட்கிறார்: உன் வீட்டு விருந்தாளி நீ வைத்த சாப்பாட்டைத் தொடாவிட்டால் அது யாருடையது? என்னுடையதுதான் என்கிறார் அவர். அப்படியானால் உன் வசவும் உன்னுடையதே, நான் வாங்கிக்கொள்ளவில்லை என்கிறார் புத்தர். கவனியுங்கள், அவர் பொறுத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. பதில் சொன்னார். இழிவு சொன்னவனிடமே அதைத் திருப்பிக் கொடுத்தார். இதைத்தான் நாம் சுயமரியாதை என்கிறோம்.

பயிற்சிக்கு வருவோம். மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை என்று நான்கு. தமிழுக்கு இது புதிதல்ல. முதல் மூன்றின் பெயரும் மணிமேகலையின் கடைசிக் காதையிலேயே இருக்கிறது. மைத்திரி, எல்லோர் நலனையும் விரும்புவது. கருணை, துன்பப்படுகிறவரின் துன்பம் தீர வேண்டும் என்ற துடிப்பு. முதிதை, அடுத்தவர் உயர்வில் மகிழ்வது. பக்கத்து லயத்துப் பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தால் நமக்கு வயிறு எரிகிறதா, மனம் குளிர்கிறதா? அதுதான் பரீட்சை. உபேட்சை, புகழ்ச்சியிலும் இகழ்ச்சியிலும் தடுமாறாத சமநிலை.

5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் ஒரு நுட்பமான எச்சரிக்கை தருகிறது. ஒவ்வொரு நற்குணத்துக்கும் பக்கத்திலேயே, அதைப் போலவே தோற்றம் காட்டும் எதிரி ஒன்று உண்டு. கருணைக்கு அது சோகம்: அழுதுகொண்டு உட்கார்ந்துவிடுவது. உபேட்சைக்கு அது அறியாமையில் பிறக்கும் அலட்சியம். "எனக்கு சாதியெல்லாம் தெரியாதுங்க, நான் நடுநிலை" என்பார்களே, அது சமநிலை அல்ல, அலட்சியம்.

இன்னொரு கேள்வியும் உங்கள் மனதில் இருக்கும். நம்மில் பல குடும்பங்கள் இலங்கையிலிருந்து வந்தவை. பௌத்தம் பேசிய நாடுதானே 1948இல் குடியுரிமைச் சட்டம் போட்டு மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது? 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் தாத்தா பாட்டிகளைக் கணக்குப் போட்டுப் பிரித்ததே? ஆமாம். மைத்திரி இல்லாத பௌத்தம் வெறும் பெரும்பான்மை அடையாளம். அதை அப்படியே சொல்லத் தயங்கக் கூடாது.

ஆனால் அதே இலங்கைக்கு 1898இல் போய் பௌத்தம் தழுவித் திரும்பியவர் அயோத்திதாசப் பண்டிதர். இந்த நீலகிரியில் வாழ்ந்தவர். சாதியற்ற தமிழரின் பழைய அறமாகவே அவர் பௌத்தத்தைக் கண்டார். 1956 அக்டோபர் 14இல் நாக்பூரில் லட்சக்கணக்கான மக்களோடு அண்ணல் அம்பேத்கர் பௌத்தம் ஏற்றார். அன்று அவர் கொடுத்த 22 உறுதிமொழிகளில் எல்லா உயிர்களிடமும் கருணை காட்டுவதும் உண்டு. சாதி இந்து தெய்வங்களை வணங்க மாட்டேன் என்பதும் உண்டு. கருணையும் மறுப்பும் ஒரே பட்டியலில் நிற்கின்றன.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன். விசுத்திமக்கம் மைத்திரிப் பயிற்சிக்கு ஒரு வரிசை சொல்கிறது. முதலில் உன்னிடம். பிறகு நீ மதிக்கும் ஒருவரிடம். பிறகு நெருங்கியவரிடம், முன்பின் அறியாதவரிடம். பகைவன் கடைசியில்தான். பகைவனிடமிருந்து தொடங்காதே என்றே சொல்கிறது.

ஆகவே தம்பி, அடித்தவனிடமிருந்து தொடங்க வேண்டாம். இன்று இரவு பத்து நிமிடம் அமைதியாக உட்கார். மூச்சைக் கவனி. "நான் நலமாக இருக்க வேண்டும், நான் அச்சமின்றி இருக்க வேண்டும்" என்று உனக்கே சொல். "நீ ஆகாதவன்" என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவனுக்கு இதைச் சொல்வதே பெரிய கலகம். அடுத்து, விடியுமுன் எழுந்து கொழுந்து பறிக்கப் போகும் உன் அம்மாவை நினை.

கோபம் இருக்கட்டும். அது நம்மை எரிக்காமல், நமக்கு வழி காட்டும் விளக்காக இருக்கட்டும். அடித்தவனிடம் மைத்திரி என்றைக்காவது வரும்போது வரட்டும். அதுவரை அவன்மீது போட்ட வழக்கு நடக்கட்டும்.