தோல் சுத்தமானது, தண்ணீர் எங்கே போனது?

(நம் அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பதனிட்ட தோல் தூய்மையாகிவிடும் என்ற மஸ்அலாவை மதரஸாவில் ஓதிய அன்று எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் பெருமையாக இருந்தது. வகுப்பில் பாதிப்பேருடைய வாப்பாமார் டேனரியில் வேலை செய்தவர்கள். தோல் தூய்மையாகிறது, சரி. தோலிலிருந்து கழுவி எடுத்த அழுக்கு எங்கே போகிறது என்று அன்று எங்களில் ஒருவரும் உஸ்தாதிடம் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைப் பிறகு கேட்டது நீதிமன்றம்.

1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இங்குள்ள பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று நம் பகுதியின் பெயர்கள் டெல்லியில் வாசிக்கப்பட்டன. தோல் தொழிற்சாலைகள் உள்ள வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவுக்கோ முழுதாகவோ பயிருக்கு ஆகாமல் போனது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு அதில் இருக்கிறது. தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். 'கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும்' என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தில் உறுதிப்பட்டதில் நம் பாலாற்று வழக்குக்கும் பங்கு உண்டு. அது பெருமையா, வெட்கமா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அந்தக் காலத்தில் நான் கல்லூரி முடித்து ஒரு டேனரியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மாதம் ஒருமுறை வவுச்சரில் 'குழி சுத்தம், ஆள் இரண்டு' என்று என் கையால் எழுதுவேன். அந்த இரண்டு ஆள் எப்படி உள்ளே இறங்கினார்கள், எப்படி ஏறினார்கள் என்று ஒருநாளும் எழுந்துபோய்ப் பார்த்ததில்லை. நோன்புக்கு முன்னால் ஒரு சகோதரி கைக்குழந்தையோடு நம் அலுவலகத்துக்கு வந்தார். கணவர் குழியில் இறங்கினார், மேலே வரவில்லை. விண்ணப்பத்தில் மரணக் காரணம் எழுதும் இடத்தில் 'வாடை' என்று ஒரே சொல். அதைப் படித்தபோது என் பழைய வவுச்சர்தான் கண்முன் வந்தது. இன்று இந்தத் தலைப்பை நான் எடுத்ததற்குக் காரணம் அதுதான்.

முதலில் அந்த 'வாடை' என்ன என்று பார்ப்போம். தோலில் முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுகிறார்கள். பின்னொரு கட்டத்தில், குரோம் ஏற்றுவதற்கு முன்னால், உப்பும் கந்தக அமிலமும் சேர்த்த நீரில் தோலைப் போடுகிறார்கள். சுண்ணாம்புத் தண்ணீரில் சல்பைடு அடங்கிக் கிடக்கும். அந்தத் தண்ணீரும் அமிலத் தண்ணீரும் ஒரே குழியில் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு கிளம்பிவிடும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு அது. காற்றைவிடக் கனமானது, குழியின் அடியிலேயே தங்கும். சேற்றுக்குள் அடைபட்டுக் கிடக்கும், காலை வைத்துக் கிளறியதும் வெளியே பாயும். அதிலும் மோசமானது, அளவு கூடும்போது மூக்கு அந்த நாற்றத்தை உணர்வதே நின்றுபோகும். 'இப்போ வாடை போயிடுச்சு, இறங்கலாம்' என்று சொல்பவர் உண்மையில் ஆபத்து ஏறிய நேரத்தில் இறங்குகிறார். கீழே ஒருவர் சாய்ந்ததும் அண்ணனோ தம்பியோ மூச்சைப் பிடித்துக்கொண்டு குதிக்கிறார். ஒரு வீட்டில் இரண்டு மய்யித்து விழுவது இப்படித்தான். தெருவில் உள்ள உங்கள் வீட்டு மலக்குழியிலும் இதே வாயுதான். அங்கே அமிலம் தேவையில்லை, மலம் அழுகினாலே போதும்.

முகத்தில் கட்டும் துணி இதற்கு ஒன்றும் செய்யாது. குழிக்குள் வாயு அளக்கும் கருவியை விட்டுப் பார்க்க வேண்டும். ஊதுகாற்று இயந்திரத்தால் நெடுநேரம் காற்றடிக்க வேண்டும். இறங்குபவர் உடம்பில் பட்டை, மேலே முக்காலியில் கயிறு, வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி. இவ்வளவும் இல்லாத இடத்தில் இறங்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. தாய்மார்களே, உங்கள் பிள்ளை வேலை செய்யும் இடத்தில் இவை இருக்கின்றனவா என்று இன்று இரவே கேளுங்கள்.

இனி, சென்ற மாதம் நம் பிள்ளைகளை ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அழைத்துப் போனோமே, அதைப் பற்றி. வாசலில் கம்பி வலைச் சல்லடை. முடி, சவ்வு, தோல் துண்டு அங்கே நின்றுவிடும். அடுத்து ஒரு பெரிய தொட்டி. பல டேனரிகளிலிருந்து பல நேரத்தில், பல குணத்தில் வரும் தண்ணீர் அங்கே கலந்து ஒரு நிதானத்துக்கு வருகிறது. பிறகு சுண்ணாம்பும் படிகாரமும். நம் பாட்டிமார் குடத்தில் படிகாரம் சுழற்றிக் கலங்கலைத் தெளிய வைத்தார்களே, அதே வேலைதான். வட்டத் தொட்டியில் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஒரு கை சுற்றிக்கொண்டே இருக்கும், அடியில் படியும் சேற்றை நடுக்குழிக்கு வழித்துத் தள்ளும்.

பிள்ளைகள் அதிக நேரம் நின்றது காற்றுத் தொட்டியில். அங்கே வேலை செய்வது மருந்து அல்ல, உயிர்கள். கோடானுகோடி நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்கின்றன. அவற்றுக்குத் தேவை காற்று. இயந்திரங்கள் இரவு பகலாகக் காற்றைத் தள்ளுகின்றன. நீண்ட நேரம் மின்சாரம் நின்றால் அவை செத்துப்போகும், தொட்டி நாறிவிடும். அடுத்த தொட்டியில் படியும் சேற்றில் ஒரு பங்கை மறுபடி இங்கேயே கொண்டுவந்து விடுகிறார்கள். பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி என்று நான் சொன்னதும் ஒரு சிறுமி, "அப்போ ரொம்ப புளிச்சா?" என்று கேட்டாள். சரியான கேள்வி. சேறு அளவு மீறினாலும் கெடும், குறைந்தாலும் கெடும். அதைப் பார்க்கத்தான் ஆய்வகத்தில் ஒருவர் கண்ணாடிக் குழாயோடு உட்கார்ந்திருக்கிறார்.

குரோமை இந்தக் கூட்டத்தில் சேர்க்கக் கூடாது. டேனரியிலேயே தனியாகப் பிடித்து, மக்னீசியம் ஆக்சைடு போட்டுப் படியவைத்து, கந்தக அமிலத்தில் கரைத்தால் மறுபடி தோலுக்கே ஆகும். செலவு திரும்பி வரும் கட்டம் இது. அதையும் சிலர் செய்வதில்லை என்பதுதான் வேதனை.

உப்புதான் தீராத தலைவலி. தோல் கெடாமல் இருக்கப் போட்ட உப்பு, அமிலத் தொட்டியில் போட்ட உப்பு, இதை நுண்ணுயிர் தின்னாது, படிகாரம் படியவைக்காது. கண்ணாடிபோல் தெளிந்த தண்ணீரிலும் அப்படியே இருக்கும். நம் கிணறுகளைக் கெடுத்ததில் இந்த உப்புக்குப் பெரும் பங்கு உண்டு. வெளியே விடும் நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அதற்காகத்தான் சவ்வூடு இயந்திரம் வந்தது. நம் வீட்டு ஆர்.ஓ.வின் பெரிய அண்ணன். பெரும் அழுத்தத்தில் தள்ளினால் ஒரு பக்கம் நல்ல தண்ணீர் வரும். அது மறுபடி டேனரிக்குப் போகிறது. மறுபக்கம் உப்புக் குழம்பு. அதை நீராவியால் காய்ச்சி வற்றவைத்தால் மிஞ்சுவது மூட்டை மூட்டையாக யாருக்கும் வேண்டாத கலப்பு உப்பு. சேற்றையும் உப்பையும் எங்கே வைப்பது? 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேறு பாய்ந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

சுத்திகரித்த நீரில் ஒளு செய்யலாமா என்று பஸ்ஸில் வரும்போது ஒரு மாணவர் கேட்டார். 1978இல் சவூதி மூத்த உலமாக்கள் சபை இதை ஆராய்ந்தது. நிறம், சுவை, வாடை மூன்றும் முழுதாக இயல்புக்குத் திரும்பிவிட்டால் அது தூய நீரே, ஒளுவுக்கும் ஆகும், உடல்நலம் கருதிக் குடிக்காமல் இருப்பது நல்லது என்று முடிவு சொன்னது. மேற்கொண்டு விவரம் வேண்டுவோர் நம் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் பள்ளிவாசல் ஹவுளில் குழாயைத் திறந்துவிட்டு ஒளு செய்கிறவர் இந்தச் சந்தேகத்தைக் கேட்பதுதான் எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருந்தது. (அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.)

நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி மலக்குழிக்குள் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது குற்றம். வீட்டுக்காரரும் பொறுப்பாளி. இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. உறிஞ்சும் லாரியை மட்டுமே கூப்பிடுங்கள், உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். 14420 என்ற எண்ணில் அழைக்கலாம்.

நம் மதரஸா விடுதிக் குழிக்கும் லாரிதான் வருகிறது. பத்து வருடமாகப் பணம் கொடுத்தோம், அது எங்கே கொட்டுகிறது என்று கேட்டதில்லை. இந்த வருடம் கேட்டபோது டிரைவர் ஏரிப் பக்கம் கையைக் காட்டினார். அந்த லாரியை நிறுத்திவிட்டோம். இப்போது வருபவர் சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்கியதற்கான ரசீதைக் கொண்டுவந்தால்தான் பணம். ஒரு நடைக்குக் கொஞ்சம் கூடுதலாகிறது. அதை விடுதிக் கணக்கில் எழுதலாமா, தனி நன்கொடையாக வாங்கலாமா என்று நிர்வாகக் குழுவில் இன்னும் முடிவாகவில்லை. அடுத்த கூட்டத்தில் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

அந்தச் சகோதரியின் இழப்பீட்டு மனுவுக்கு வக்கீல் ஒருவர் கட்டணமில்லாமல் உதவ முன்வந்திருக்கிறார். அவர் கணவரோடு அன்று குழிக்கு மேலே நின்றவர்கள் இந்த மஹல்லாவிலேயே இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். சாட்சி சொல்ல வேண்டும். வேலை போய்விடுமே என்ற பயம் எனக்குப் புரிகிறது. மக்ரிபுக்குப் பிறகு நான் அலுவலகத்தில்தான் இருப்பேன்.