கடைச் சிப்பந்தியின் நாற்காலி

கடை என்றதும் நமக்குப் பொருள் நினைவுக்கு வருகிறது. விலை நினைவுக்கு வருகிறது. பொருளை எடுத்துக் காட்டும் மனிதர் நினைவுக்கு வருவதில்லை. அங்காடி தமிழருக்குப் புதியதன்று. பகலில் நடந்த நாளங்காடியையும் இரவில் நடந்த அல்லங்காடியையும் மதுரைக்காஞ்சி பாடியிருக்கிறது. ஆனால் பிறருடைய கடையில், பிறருடைய பொருளை, மாதச் சம்பளத்துக்கு விற்றுக் கொடுக்கும் பெருங்கூட்டம் அண்மைக் காலத்தில் தோன்றியதே. அவர்களைக் கடைச் சிப்பந்திகள் என்கிறோம். அவர்களுடைய வேலை எத்தகையது என்பதைச் சிறிது சிந்திப்போம்.

கிண்டி ரயில் நிலையத்திலிருந்து தொடங்குவோம். காலையில் அங்கே இறங்கித் தொழிற்பேட்டையை நோக்கி நடப்பவர் பலர். அதே நிலையத்தில் ரயிலேறி, சைதாப்பேட்டையைக் கடந்து, இரண்டாவது நிலையமாகிய மாம்பலத்தில் இறங்குவோரும் உண்டு. மாம்பலத்தில் இறங்கினால் ரங்கநாதன் தெரு. முன்னவர் இயந்திரத்தின் முன் நிற்கிறார். பின்னவர் வாடிக்கையாளரின் முன் நிற்கிறார். இருவருக்கும் சட்டம் காட்டிய பரிவு ஒன்றாக இருக்கவில்லை. அந்த வேறுபாட்டைப் பின்னர் சொல்கிறேன்.

துணிக்கடைச் சிப்பந்தியின் வேலை வாடிக்கையாளர் வருமுன்பே தொடங்கிவிடுகிறது. தூசி தட்ட வேண்டும்; சரக்கை இறக்கி அடுக்க வேண்டும்; எந்த நிறம் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதை நினைவில் இருத்த வேண்டும். பிறகு மக்கள் வருகிறார்கள். இருபது புடவைகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பிடிக்கவில்லை என்று எழுந்து போகிறார்கள். அந்த இருபதையும் பழைய மடிப்புக் கலையாமல் மடித்து வைக்குமுன் அடுத்த குடும்பம் வந்துவிடுகிறது. வந்தவரின் மனத்தையும் பணப்பையையும் ஒரே பார்வையில் அளந்தறிய வேண்டும். விலையுயர்ந்ததைக் காட்டி அவரைக் கூச வைக்கக் கூடாது. மலிவானதைக் காட்டி அவமதிக்கவும் கூடாது. இது எளிய வேலை என்று யார் சொல்ல முடியும்? இது ஒரு கலை.

இத்தனைக்கும் நடுவே அவர் நின்றுகொண்டே இருக்கிறார். கூட்டம் மிகுந்த வேளையில் நிற்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. பிற்பகலில் கடை வெறிச்சோடிக் கிடக்கும்போது, செய்வதற்கு ஒன்றுமின்றி நிற்பதுதான் பெருந்துன்பம். வேலை இல்லை, ஆயினும் உட்காரக் கூடாது.

உடலியல் இதைப் பற்றி என்ன சொல்கிறது? நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து, காலில் உள்ள இரத்தத்தை இதயத்தை நோக்கி மேலே தள்ளுகின்றன. அசையாமல் நெடுநேரம் நின்றால் அந்தத் தசைகளுக்கு வேலையில்லை. இரத்தம் கீழேயே தேங்குகிறது. பாதம் வீங்குகிறது, முதுகு வலிக்கிறது, நாளடைவில் காலில் நரம்புச் சுருள் தோன்றவும் இடமுண்டு. கழிப்பிடம் தொலைவில் இருப்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்களும் உண்டு.

சட்டம் இதைக் கவனித்ததா? இங்கிலாந்தில் 1899-ஆம் ஆண்டிலேயே, கடையில் பெண் சிப்பந்திகள் மூவருக்கு ஓர் இருக்கையேனும் வைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. நம் மாகாணத்தில் 1947-ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் வேலை நேரத்தை நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரையறுத்தது. இடையே ஓய்வும் விதித்தது. ஆனால் இருக்கையைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த ஆண்டில், 1948-இல், மத்திய அரசின் தொழிற்சாலைகள் சட்டம் வந்தது. நின்று வேலை செய்யும் தொழிலாளர் வாய்ப்பு நேரும்போது உட்கார இருக்கை வேண்டும் என்று அது தெளிவாகக் கூறிற்று.

வேறுபாடு இதுதான். கிண்டித் தொழிற்பேட்டை 1958-இல் தொடங்கப்பட்டபோதே, அங்கே தொழிற்சாலையில் நின்று உழைத்தவருக்குச் சட்டத்தில் ஓர் இருக்கை இருந்தது. கிண்டியிலிருந்து மாம்பலம் சென்று துணிக்கடையில் நின்றவருக்கு அது இல்லை. அந்தத் தொழிற்பேட்டை இன்று தாங்கியிருப்பது, 1918-இல் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்காக முன்னின்று உழைத்த திரு. வி. க.வின் பெயரை.

குறையை உணர்த்தியவர்கள் சிப்பந்திகளே. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில், தையல் தொழிலாளியான விஜி முதலிய பெண்கள் 'பெண்கூட்டு' என்ற அமைப்பாகத் திரண்டார்கள். முதலில் கழிப்பிடம் கேட்டார்கள். பின்னர் உட்காரும் உரிமை கேட்டார்கள். 2018-இல் கேரள அரசு தன் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு புதிய பிரிவைச் சேர்த்தது. அதன்படி ஒவ்வொரு கடையிலும் எல்லாச் சிப்பந்திகளுக்கும் இருக்கை வேண்டும். தொழிற்சாலைக்கும் கடைக்கும் இடையே 73 ஆண்டுகள் கடந்துவிட்டன.

கடை முதலாளிகள் தரப்பிலும் ஒரு பேச்சு உண்டு. இடம் குறுகலானது என்பார்கள். சிப்பந்தி உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளர் அதை மரியாதைக் குறைவாக நினைத்து அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்பார்கள். இடக்குறைக்கு ஒரு சிறிய முக்காலி போதும். இரண்டாவது காரணமே கவனிக்கத்தக்கது. அந்தக் காரணத்தில் முதலாளியோடு நாமும் பங்காளிகள் அல்லவா?

நிற்பதுதான் மரியாதை என்பது நம் பழைய வழக்கமும் அன்று. அந்நாளைய ஜவுளிக் கடையில் விற்பவர் பாயில் அமர்ந்திருந்தார். வாங்க வந்தவரும் எதிரே பாயில் அமர்ந்தார். நடுவே புடவை விரிந்தது. பேச்சும் பேரமும் சமமாக உட்கார்ந்தே நடந்தன. உயரமான மேசை இடையே வந்த பிறகுதான் ஒருவர் நாற்காலியில் அமரவும் மற்றவர் நிற்கவும் நேர்ந்தது.

மாணவ நண்பர்களே, சட்டம் கடைக்குள் நாற்காலியைக் கொண்டுவரும். அதில் ஒருவர் அச்சமின்றி உட்காருவது வாங்க வருபவரின் பார்வையைப் பொறுத்தது. உங்களுள் சிலர் நாளை கடைச் சிப்பந்தி ஆகலாம். எல்லோரும் வாடிக்கையாளர் ஆவீர்கள். நீங்கள் கடைக்குள் நுழையும்போது சிப்பந்தி பதறி எழுந்தால், "இருங்கள், மெதுவாக எடுக்கலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஆனால் காலையிலிருந்து நிற்கும் ஒருவருக்கு, சட்டம் கொடுத்த நாற்காலி அந்த ஒரு வார்த்தையால்தான் உண்மையிலேயே சொந்தமாகும்.