நம் நாட்டுச் சாலைகளில் ஓடும் ஒரு டீஸல் எஞ்சின்



புணேயிலோ தில்லியிலோ வாடகை மோட்டாரில் ஏறி அமர்கிறவர்கள், அதன் எஞ்சின் எங்கே பிறந்தது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. வண்டியின் முகப்பில் மாருதி என்று இருக்கலாம். டாட்டா என்று இருக்கலாம். ஃபியட் என்றும் இருக்கலாம். மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பது பல வண்டிகளில் ஒரே எஞ்சின்தான். ஃபியட் அதை மல்டிஜெட் என்றது; மாருதி டிடிஐஎஸ் என்றது; டாட்டா குவாட்ராஜெட் என்றது. மோட்டார்ப் பத்திரிகைக்காரர்கள் விளையாட்டாக அதற்குத் ‘தேசிய எஞ்சின்’ என்றே பெயர் சூட்டிவிட்டனர்.

2020-ஆம் ஆண்டில் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானபோது நம் நாட்டில் இதன் உற்பத்தி நின்றது. ஆயினும் இந்த எஞ்சின் பூட்டிய வண்டிகள் ஏராளமாக இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் பலர் இவற்றைப் பழைய வண்டியாக விலைக்கு வாங்குகின்றனர். கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஏறி ஊருக்குப் புறப்படுகின்றனர். புணேயிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 1200 கிலோமீட்டர். அந்த நெடுவழியில் எஞ்சின் படுத்துவிட்டால் வீணாவது பணம் மட்டுமன்று. ஆகவே இதன் இயல்பைச் சற்று அறிந்திருப்பது நலம்.

இத்தாலிய நாட்டு ஃபியட் நிறுவனமும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக வகுத்த இந்த எஞ்சின், 2003-இல் போலந்து நாட்டில் உற்பத்தியாகத் தொடங்கியது. இந்தியாவில் மானேஸரிலும், புணேக்கு அருகே ரஞ்சன்காவ்ன் என்னுமிடத்திலும் செய்யப்பட்டது. 2007-இன் தொடக்கத்தில் ஸ்விஃப்ட் வண்டியில் வந்த பிறகுதான் நம் மக்களிடையே இதன் பெயர் பரவிற்று.

நான்கு ஸிலிண்டர்கள். ஒவ்வொன்றின் குறுக்களவு 69.6 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 82 மில்லிமீட்டர். இவற்றைப் பெருக்கிக் கூட்டினால் 1248 கன சென்டிமீட்டர் கொள்ளளவு வரும். ஒரு பெரிய தண்ணீர்ச் செம்பின் அளவே! இந்தச் சிறு கொள்ளளவிலிருந்து 75 குதிரைச் சக்தி கிடைக்கிறது. பின்னர் வந்த மற்றொரு வகையில் 90. ஆனால் குதிரைச் சக்தியைவிட நாம் கவனிக்கவேண்டியது முறுக்கு விசை. 75 குதிரைச் சக்தி வகையில் அது 190 நியூட்டன்மீட்டர். நிமிடத்திற்கு 2000 சுற்று வேகத்திலேயே முழுமையாகக் கிடைத்துவிடும். புணேயைத் தாண்டிக் கம்பட்கி கணவாயில் ஐவரும் மூட்டைகளுமாக ஏறும்போது இந்தத் தொகையின் பொருள் விளங்கும்.

டீஸல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை மட்டும் ஸிலிண்டருக்குள் இழுத்து, முன்பிருந்த இடத்தில் ஏறத்தாழ பதினேழில் ஒரு பங்காக அமுக்குகிறார்கள். அமுக்கிய காற்று தானே கொதிக்கும். அதில் டீஸலைத் தூவினால் பற்றிக்கொள்ளும். பழைய எஞ்சின்கள் மொத்த டீஸலையும் ஒரே வீச்சில் தூவின. அதனால்தான் அந்தக் கடகட ஓசை. மல்டிஜெட் எஞ்சினிலோ ஒரு பொதுக் குழாயில் டீஸல் 1600 பார் அழுத்தம் வரை தேக்கி வைக்கப்படுகிறது. கார் டயரில் நாம் அடைக்கும் காற்றைப் போல் ஏறத்தாழ 700 மடங்கு! அங்கிருந்து, ஒரு தடவை எரிவதற்கு வேண்டிய எண்ணெய் ஐந்து சிறு தூவல்கள் வரை பிரித்துக் கொடுக்கப்படும். 2000 சுற்று வேகத்தில் ஒவ்வொரு ஸிலிண்டரும் விநாடிக்குப் பதினாறு பதினேழு முறை எரிகிறது. ஒவ்வொரு முறையும் இத்தனை தூவல்களை அளந்து விடுவதென்றால் அந்த ஊசித் துளைகளின் நுட்பத்தை எண்ணிப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது அந்தக் குழாய்களின் இணைப்பைத் தளர்த்திப் பார்க்கும் பழைய வழக்கம் இங்கே உதவாது. பீறிடும் டீஸல் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுந்துவிடும்.

இந்த நுட்பத்திற்கு எதிரி தண்ணீரும் தூசியும். உயர் அழுத்தப் பம்புக்குத் தனி மசகு கிடையாது. அதன் வழியே ஓடும் டீஸலே அதற்கு மசகு. ஆகவே வழியில் எங்கோ ஒரு கடையில் டப்பாவில் விற்கும் டீஸலை ஊற்றுவதும், தொட்டி வற்றும்வரை ஓட்டுவதும் கூடா. டீஸல் வடிகட்டியின் அடியில் தேங்கும் நீரை மழைக்காலத்தில் வடித்துவிடவேண்டும். வடிகட்டியையும் குறித்த காலத்தில் மாற்றவேண்டும். இதற்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய், மிஞ்சினால் ஆயிரத்துச் சொச்சம். தூவிகள் நான்கையும் மாற்ற நேர்ந்தால் பல ஆயிரங்கள்.

இனி டர்போ. வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சிறு சக்கரம் சுழல்கிறது. அதே அச்சில் மறுமுனையிலுள்ள சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. இவ்வளவு சிறிய டர்போக்களில் சுழற்சி நிமிடத்திற்கு லட்சத்தையும் தாண்டும். அந்த அச்சைத் தாங்குவது ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலமே. எஞ்சினை நிறுத்திய கணமே எண்ணெய்ப் பம்பும் நின்றுவிடும். அச்சோ இன்னும் சுழன்றுகொண்டும் தகித்துக்கொண்டும் இருக்கும். தங்கிய எண்ணெய் கருகிக் கரியாகப் படியும். ஆகையால் நெடுஞ்சாலையில் விரைந்து வந்து சிற்றுண்டிச் சாலையில் நிறுத்தும்போது, ஒரு நிமிடமாவது எஞ்சினைத் தாழ்வேகத்தில் ஓடவிட்டு அதன் பின்னர் நிறுத்தவேண்டும். அணைக்குமுன் ஒருமுறை ‘உர்ர்’ என்று மிதித்துவிட்டு அணைக்கும் பழக்கம் சில பழைய ஓட்டுநர்களிடம் உண்டு. அம்பாஸிடரோடு அது போயிருக்கவேண்டும். டர்போவுக்கு அதைவிடக் கேடு வேறில்லை.

வண்டியில் இழுவை குறைந்தால் ‘டர்போ போய்விட்டது’ என்று உடனே தீர்ப்புச் சொல்லிப் பெருந்தொகை கேட்கும் பட்டறைகள் எல்லா ஊரிலும் உள்ளன. பல சமயம் குறை டர்போவில் இராது. காற்றைக் கொண்டுசெல்லும் ரப்பர்க் குழாயில் ஒரு வெடிப்பு இருக்கலாம். காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம். புகையில் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே அனுப்பும் ‘ஈ.ஜி.ஆர்.’ வால்வில் கரி படிந்திருக்கலாம். நகர நெரிசலிலேயே ஓடும் வண்டிக்கு இந்தக் கரி பெரும் நோய். முதலில் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். 2000 சுற்றுக்குக் கீழே இந்த எஞ்சின் சற்றுச் சோம்பலானது என்பதையும் மறக்கவேண்டாம். அது அதன் பிறவிக் குணம், நோயன்று. கியரை ஒரு படி குறைத்தால் போதும்.

எல்லாவற்றிலும் முதன்மையானது எஞ்சின் எண்ணெய். இந்த எஞ்சின் கொள்ளுவது ஏறக்குறைய மூன்று லிட்டர்தான். அரை லிட்டர் குறைந்தாலும் அது ஆறில் ஒரு பங்கு. கேம் அச்சுகளைச் சுழற்றுவது ரப்பர் வார் அன்று, இரும்புச் சங்கிலி. வாழ்நாள் முழுதும் மாற்றத் தேவையில்லை என்ற கருத்தில் அமைத்தது. ஆனால் அந்தச் சங்கிலியை இறுக்கிப் பிடிப்பது எண்ணெயின் அழுத்தம். எண்ணெய் பழையதாகிக் குழம்பினால் சங்கிலி தளரும். காலையில் முதன்முறை கிளப்பும்போது முன்புறத்தில் ஒரு சலசலப்புக் கேட்டால் அதுதான் முன்னறிவிப்பு. அதைப் பொருட்படுத்தாது ஓட்டினால், ஒருநாள் சங்கிலி பல் தாவி வால்வுகளும் பிஸ்டன்களும் மோதிக்கொள்ளும்; அதன் பின் எஞ்சினைப் பிரிப்பதைத் தவிர வழியில்லை. கையேட்டில் குறித்த தரமுள்ள எண்ணெயை 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, அல்லது ஆண்டுக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அப்போது மாற்றுக. நெரிசலிலேயே ஓடும் வண்டியாயின் அதற்கும் முன்பே மாற்றுவது என் வழக்கம். இந்த ஒழுங்கில் வளர்ந்த எஞ்சின்கள் இரண்டு லட்சம் கிலோமீட்டரைப் பெரிய பழுதின்றிக் கடப்பதை வாடகைக்கார்க்காரர்களிடம் கேட்டறியலாம்.

மும்பையில் வாழும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. மழைவெள்ளத்தில் எஞ்சின் நின்றுபோனால் மறுபடி சாவியைத் திருப்பவேண்டாம். ஸிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால், காற்றைப் போல் அது அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடுவதே இலாபம். தில்லி, சண்டிகர்ப் பக்கத்தவர்கள் குளிர்காலக் காலையில், கம்பிச் சுருள் போன்ற மஞ்சள் விளக்கு அணையும்வரை பொறுத்துப் பிறகு கிளப்பவேண்டும். ஸிலிண்டரைச் சூடேற்றும் செருகிகள் வேலைசெய்யும் அடையாளம் அது.

பழைய வண்டி வாங்கும்போது, எஞ்சின் முற்றும் ஆறியிருக்கும் வேளையில் போய்ப் பாருங்கள். விற்பவர் முன்கூட்டியே கிளப்பிச் சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். கரும்புகை காற்றுக் குறைவையோ தூவியின் பழுதையோ காட்டும். எஞ்சின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருமாயின் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன என்று கொள்ளலாம். ஓடிய தூரம் காட்டும் எண்ணை நம்புவதைவிடப் பராமரிப்பு ரசீதுகளை நம்புவது மேல்.

தில்லி வட்டாரத்தவர்கள் இன்னொன்றும் நினைவிற் கொள்ளவேண்டும். பத்தாண்டு கடந்த டீஸல் வண்டிகள் அங்கே ஓடக்கூடாது என்று 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது; 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. 2025 ஆகஸ்டில் அந்நீதிமன்றமே வண்டி உரிமையாளர்கள்மீது கடும் நடவடிக்கை வேண்டாமென்று இடைக்கால ஆணை பிறப்பித்தது. அதன் பின்னும் வழக்கு நடந்தது. ஆதலால் வாங்கும் நாளில் உள்ள நிலையை விசாரித்துக்கொள்க. அங்கே விலை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கித் தமிழ்நாட்டுக்குக் கொண்டுபோக எண்ணுவோர், முதலில் அங்குள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தடையின்மைச் சான்று பெறவேண்டும். மற்றொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் புதிய பதிவு எண் பெறவேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். அதற்கான சாலை வரியையும் கூட்டிப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.