நேட்டாலும் மூன்று பவுன் வரியும்



தென்னாப்பிரிக்காவைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் பணித்தார். அந்நாடு மிகப் பெரிது. ஆதலால் நம்மவர் மிகுதியாகக் குடியேறிய நேட்டாலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மும்பையிலிருந்து கர்ஜத் கடந்து, மலையேறிப் புனே வந்து சேர்கிறோமல்லவா? நேட்டாலின் அமைப்பும் ஏறக்குறைய அத்தகையதே. டர்பன் துறைமுகத்தை விட்டு வடமேற்கே செல்பவர், கரும்பு விளையும் கரையோரத்தையும் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களையும் கடந்து, டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடரைத் தாண்டி மேட்டுநிலம் அடைகிறார். 1886-ல் பொன் கண்டெடுத்த ஜோகன்னஸ்பர்க் அம்மேட்டில்தான் உள்ளது.

சூலு மக்கள் வாழ்ந்த அந்நாட்டை 1843-ல் ஆங்கிலேயர் தம் குடியேற்றமாக்கினர். கரும்புத் தோட்டத்திற்கு ஆள் வேண்டியிருந்தது. சென்னையிலிருந்து புறப்பட்ட ‘டுரூரோ’ கப்பல், 342 பேருடன் 1860 நவம்பர் 16-ல் டர்பனை அடைந்தது. (அதே ஆண்டு ஜூனில்தான் அங்கே முதல் ரயில் ஓடியது, நீளம் இரண்டே மைல்! ரயில்வே ஊழியனாகையால் இதைக் கூறாதிருக்க மனம் வரவில்லை.) 1911 வரை சென்றவர் ஒன்றரை லட்சத்திற்கும் மேல்; பெரும்பாலோர் சென்னை மாகாணத்தவர்.

ஒப்பந்தம் ஐந்தாண்டு. முதலாண்டுக் கூலி மாதம் 10 ஷில்லிங். தவணை முடிந்தபின் அங்கேயே தங்குவோர் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டுமென 1895-ல் சட்டம் செய்தனர். 3 பவுன் என்பது 60 ஷில்லிங். அதாவது ஆறு மாதக் கூலி! பின்னர் 16 வயது மகனுக்கும் 13 வயது மகளுக்கும் அவ்வரி விரிந்தது. நால்வர் உள்ள குடும்பத்திற்கு 12 பவுன். அக்கூலிப்படி இரண்டாண்டு உழைப்பு. நானும் கணக்கெழுதிப் பழகியவன்தான். இது வரிக்கணக்கன்று, மீண்டும் ஒப்பந்தத்தில் கைந்நாட்டு வை, அன்றேல் கப்பலேறு என்னும் கட்டளையேயாம்.

1912-ல் நம் புனே நகரத்துக் கோகலே அங்குச் சென்று அமைச்சர்களைக் கண்டு, வரி நீங்குமென்ற நம்பிக்கையுடன் திரும்பினார். நீங்கவில்லை. மறு ஆண்டு காந்தியடிகளின் போராட்டம் மூண்டது. டிரான்ஸ்வாலிலிருந்து சென்ற தமிழ்ப் பெண்களின் சொல் கேட்டு நியூகாசில் சுரங்கத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். சிறைபுகுந்த பெண்களுள் ஒருத்தி, தில்லையாடிப் பெற்றோருக்கு ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த வள்ளியம்மை. சிறையில் நோயுற்று, விடுதலையான சில நாட்களில், 1914 பிப்ரவரி 22-ல் பதினாறாம் அகவையில் உயிர் நீத்தாள். அவ்வாண்டே வரி ஒழிந்தது. அவள் அதைக் காணவில்லை.

கோகலே 1905-ல் இந்நகரில் நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்திற்கு, அவருக்குப்பின் தலைவரானவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். அவரே 1927-ல் இந்திய அரசின் முதற் பிரதிநிதியாகத் தென்னாப்பிரிக்கா சென்றார். அங்குள்ள நம் பிள்ளைகளுக்கு உயர்நிலைக் கல்வி வேண்டுமென்று அவர் பொருள் திரட்டி எழுப்பிய சாஸ்திரி கல்லூரி டர்பனில் இருக்கிறது.