கல்ச்சர் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குவோம்

 

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தும், சில நாளில் காய்ச்சல், புண்ணில் சீழ் என்று சிலர் மறுபடி படுத்துவிடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் தொற்றும் கிருமிகளில் பல, சாதாரண மருந்துக்கு அடங்குவதில்லை. உயர்ந்த ஆன்டிபயாடிக்கையும் முறிக்கும் என்.டி.எம்-1 வகைக் கிருமி சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் இருந்ததாக 2010-ல் லான்செட் குழும இதழ் ஒன்று வெளியிட்டது.

எந்த மருந்து கேட்கும் என்று சொல்வது கல்ச்சர் டெஸ்ட். ரத்தத்திலோ சீழிலோ உள்ள கிருமியை வளர்த்து, மருந்து வில்லைகளை வைத்துப் பார்ப்பார்கள். ரிப்போர்ட்டில் 'எஸ்' என்றால் கேட்கும். 'ஆர்' என்றால் கேட்காது. முடிவு வர இரண்டு மூன்று நாளாகும். அவசரமென்றால் டாக்டர் மருந்தைத் தொடங்கிவிட்டு, பிறகு மாற்றுவார். ஆனால் மாதிரியை முதல் ஊசிக்கு முன்பே எடுப்பது நல்லது.

நம் திருப்பூரில், ஷிப்ட் போனால் கூலி போகும் என்று மெடிக்கலில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்குகிறோம். சளிக்கெல்லாம் விழுங்கினால், ஆபத்தில் அதே மருந்து கைவிட்டுவிடும்.

"கல்ச்சர் அனுப்பியாச்சா டாக்டர்?" என்று பணிவாகக் கேளுங்கள். ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்துங்கள். உடல் அல்லாஹ் தந்த அமானிதம். வஸ்ஸலாம்.